மங்கை மதினி சீட்டு எடுத்த மாதம்

மார்ச் 5, ஞாயிறு

இன்று மங்கை மதினி ஒரு பந்தி முழுவதையும் என்னைப் பார்த்துச் சிரிக்க வைத்தாள்.

மதினி என் வீட்டுக்காரரின் அக்கா. அவள் மகள் சிவரஞ்சனிக்கு இன்று வளைகாப்பு. தாய்மாமன் வீட்டிலிருந்து கட்டுச்சோறு போக வேண்டும் என்பதால் நான் பில் போடுகிற லேபில் லீவு சொல்லிவிட்டு, விடிவதற்கு முன்பே எழுந்து ஐந்து வகை சாதம் கிளறி, தூக்குகளில் கட்டி, நானும் இவரும் எங்கள் மகள் தர்ஷினியும் ஆட்டோவில் கொண்டுபோய் இறக்கினோம். பந்தியில் மதினி என் புளியோதரையை ஒரு வாய் எடுத்துவிட்டு, பக்கத்து இலைகளுக்கும் கேட்கும்படி சொன்னாள்: "எங்க இந்து கெட்டிக்காரி. நல்லெண்ணெய் பாட்டில புளியோதரைக்கு எட்ட நின்னு காட்டிட்டு மூடி வெச்சிருவா!"

பந்தி முழுக்கச் சிரித்தது. சம்பந்தி வீட்டு அம்மாவுக்குப் புரையேறியது. எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரரும் சிரித்தார். அவரையும் குறித்துக்கொண்டேன்.

கால் லிட்டருக்கு மேல் ஊற்றியிருந்தேன். எண்ணெய் விற்கிற விலைக்கு அது எனக்குப் பெரிய காரியம்.

வீட்டுக்கு வந்ததும் மாதக் கவர்களைப் பிரித்து வைத்தேன். வாடகை, பால்-கேஸ், மளிகை, சீட்டு, தர்ஷினி, அவசரம். இந்த ஆறு கவரில்தான் பதினெட்டு வருடமாக இந்தக் குடும்பம் ஓடுகிறது. இன்று ஏழாவதாக ஒரு கவர் எடுத்து 'மதினி' என்று எழுதினேன். உள்ளே போட இப்போதைக்கு ஒன்றும் இல்லை. வரும்.

மார்ச் 7

புளி சீசன். லேப் முடிந்து வரும் வழியில் ஐந்து கிலோ வாங்கி, கொட்டை எடுத்து, உப்புப் போட்டு அடைத்தேன். ஒரு வருடத்துக்குக் கவலையில்லை. பால் இனி இரண்டு பாக்கெட் போதும். தர்ஷினிக்குப் பரீட்சை முடியும் வரை மட்டும் மூன்று.

மார்ச் 9

இவர் சாப்பாட்டு டப்பாவில் எண்ணெயே விடாத புளியோதரை வைத்து அனுப்பினேன். சிரித்த வாய்க்கு.

மார்ச் 10

டப்பா காலியாகத் திரும்பி வந்தது. ஒரு பருக்கை இல்லை. வாயைத் திறந்து ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. இன்றும் அதையே வைத்தேன்.

மார்ச் 12, ஞாயிறு

ரோஸ்லின் டீச்சர் வீட்டில் சீட்டு. இருபது பேர், மாதம் ஐயாயிரம், ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு. இன்னும் எடுக்காதவர்கள் மட்டும் ஏலம் கேட்கலாம். யார் அந்த ஒரு லட்சத்தில் அதிகம் தள்ளி, அதாவது விட்டுக்கொடுத்துக் கேட்கிறார்களோ அவர்களுக்கு அந்த மாதப் பணம். தள்ளிய தொகையில் டீச்சர் கமிஷன் போக மிச்சம் எல்லோருக்கும் கழிவு. அவசரக்காரர்கள் தலையில் மிளகாய் அரைக்கிற ஏற்பாடு என்று இவர் சொல்வார். அதனால்தான் நான் கடைசி மாதம் வரை வாயே திறப்பதில்லை. மாதாமாதம் கழிவை வாங்கிக்கொண்டு நவம்பரில் முழுசாக எடுப்பேன்.

இன்று கறிக்கடைக்காரர் மனைவி பன்னிரண்டாயிரம் தள்ளி எடுத்தாள். மதினியும் இந்தச் சீட்டில் இருக்கிறாள். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "என்ன இந்து, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?" என்றாள். "வெயில் மதினி," என்றேன்.

ஏப்ரல் 1

இவர் சம்பளத்தை இந்த மாதமும் கையில் ரொக்கமாகக் கொடுத்தார். டைல்ஸ் கம்பெனியில் இனிமேல் அப்படித்தானாம். எல்லாம் ஐந்நூறு ரூபாய் நோட்டு, ஒன்றிரண்டு கசங்கிப்போய். கவர்களில் பிரித்து வைத்தேன். வாடகைக் கவரை வழக்கம்போல இவர் எடுத்துக்கொண்டு போனார்.

ஏப்ரல் 8

இவர் கறுத்துப்போயிருக்கிறார். ஷோரூமில் ஏசிக்குள் ஸ்டாக் எழுதுகிற ஆள் எப்படிக் கறுக்கிறார் என்று கேட்டேன். "குடோனுக்கும் போகணும்ல," என்றார். சட்டைக் காலர் அழுக்கு இரண்டு முறை சோப்புப் போட்டாலும் போவதில்லை. சோப்புச் செலவு ஏறுகிறது.

கீழ் வீட்டில் இருக்கிற வீட்டுக்காரம்மா என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். தண்ணீர் மோட்டாரை அதிகம் போடுகிறேனாம், அதற்குத்தான் இருக்கும். போகட்டும்.

ஏப்ரல் 23, ஞாயிறு

சிவரஞ்சனிக்கு ஆண் குழந்தை. ஆஸ்பத்திரியில் மதினி ஓடி ஓடி எல்லோருக்கும் இனிப்புக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அரைஞாண் கொடி, காப்பு, மாப்பிள்ளைக்கு மோதிரம் என்று சம்பந்தியம்மா காது கேட்கப் பட்டியல் போட்டாள். இவ்வளவுக்கும் எங்கே போவாள் என்று யோசித்தேன். மதினியின் வீட்டுக்காரர் அத்தான் வாங்குகிற பென்ஷன் எவ்வளவு என்று எனக்குத் தெரியும்.

அக்காவும் தம்பியும் ஆஸ்பத்திரி மாடிப்படியில் நின்று ஏதோ குசுகுசுவென்று பேசினார்கள். நான் போனதும் நிறுத்திவிட்டார்கள். என்னைப் பற்றித்தான். இந்த மாதத்தில் இது எத்தனையாவது தடவையோ. மொட்டை மாடியில் போன் பேசுகிறார், நான் துணி எடுக்கப் போனால், "சரிக்கா, அப்பறம்," என்று வைத்துவிடுகிறார். சிரித்தது போதவில்லையா இவர்களுக்கு?

மே 2

இவர் காலையில் எனக்கு முன்னால் எழுந்து இட்லி ஊற்றிவைத்தார். பாத்திரமும் தேய்த்திருந்தார். வளைகாப்பில் சிரித்ததற்கு மனசு உறுத்துகிறது போல. உறுத்தட்டும். டப்பாவில் இன்றும் அதே புளியோதரை.

மே 8

தர்ஷினி பாஸ். நல்ல மார்க். பிசியோதெரபி படிக்கிறேன் என்கிறாள். முதல் வருடத்துக்கு எழுபதாயிரம். என் தபால் ஆபீஸ் ஆர்.டி. ஜூனில் முடிகிறது, வட்டியோடு எழுபத்திரண்டு வரும். பஸ்ஸுக்குப் பதிலாக நடந்து நடந்து சேர்த்த பணம். இவரிடம் சொன்னபோது சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். தலையைக் குனிந்துகொண்டு, "நல்லது இந்து," என்றார். அவ்வளவுதான்.

மே 14, ஞாயிறு

இன்றைய சீட்டில் நடந்ததை நிதானமாக எழுத வேண்டும்.

டீச்சர் வீட்டுச் சமையலறையில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தேன். வெளியே மதினி டீச்சரிடம் கேட்டாள்: "அடுத்த மாசம் எவ்வளவு தள்ளுனா கெடைக்கும் டீச்சர்? கட்டாயம் வேணும் எனக்கு."

"பன்னெண்டு, மிஞ்சிப்போனா பதிமூணு. போட்டி இல்லையே."

கட்டாயம் வேணும். குழாயை மூடினேன். பேரனுக்கு நகை போட வேண்டும், சம்பந்தி முன்னால் நிமிர்ந்து நிற்க வேண்டும். அதற்கு அடுத்த மாதம் சீட்டு வேண்டும். எடுக்காதவர்கள் ஆறு பேர்தான் மிச்சம். நானும் அதில் ஒருத்தி.

மே 28

யோசித்துப் பார்த்தாயிற்று. நான் ஏற்ற ஏற்ற அவள் ஏறியாக வேண்டும். சரியான இடத்தில் நான் நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் சீட்டு என் தலையில் விழும். அது மட்டும்தான் அபாயம். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும், இவர் போய் அக்காவிடம் ஒப்பிப்பதற்கா?

இன்று மனசு நிறைந்து சமைத்தேன். கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு.

ஜூன் 11, ஞாயிறு

ஜெயித்துவிட்டேன்!

டீச்சர் எட்டாயிரத்தில் ஆரம்பித்தார். ஒன்றிரண்டு பேர் பேருக்குக் கேட்டார்கள். மதினி, "பன்னெண்டு," என்றாள். டீச்சர், "பன்னெண்டாயிரம் ஒரு தரம், ரெண்டு தரம்," என்று இழுக்கும்போது நான், "பதிமூணு," என்றேன்.

ஹாலில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சீட்டு ஆரம்பித்த நாளிலிருந்து நான் ஒரு முறைகூடக் கேட்டதில்லை.

"என்ன இந்து, கடைசில எடுப்பேன்னுதான சொல்லிட்டிருந்த? ஒனக்கு என்ன அவசரம்?" என்றாள் மதினி.

"அவசரம் எல்லாருக்கும்தான மதினி வரும்."

பதினாலு என்றாள். பதினைந்து என்றேன். பதினெட்டில் அவள் முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். இருபத்திரண்டில் பின்னாலிருந்து, என்னைப் போலவே இன்னும் சீட்டு எடுக்காத கலைவாணி, "ஏத்துங்கக்கா ஏத்துங்க, எனக்கு சிலிண்டர் காசு தேறிருச்சு," என்று கத்தினாள். எல்லோரும் சிரித்தார்கள். அவர்களுக்கென்ன, தள்ளு ஏறினால் கழிவு ஏறும். அந்தச் சிரிப்பு என் பக்கம் இருந்தது. மார்ச் மாதத்தில் பந்தியில் கேட்டது போல இல்லை, இனித்தது.

முப்பதில் டீச்சருக்கே பொறுக்கவில்லை. "ரெண்டு பேரும் ஒரே வீட்டு ஆளுங்க. வெளிய போய் ஒரு நிமிசம் பேசிட்டு வாங்களேன்," என்றார்.

மதினி என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். என்னமோ சொல்ல வந்தாள்.

"பேசறதுக்கு ஒண்ணுமில்ல டீச்சர்," என்றேன் நான்.

அவள் வாயை மூடிக்கொண்டாள். முப்பத்தொன்று, முப்பத்திரண்டு. முப்பத்து மூன்று என்று நான் சொன்னபோது அவள் விரல்கள் முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டிருந்தன. இன்னும் ஒரு படிதான் ஏறுவாள் என்று தெரிந்தது. "முப்பத்தி நாலு," என்றாள். நான் நிறுத்திக்கொண்டேன்.

ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டில் அறுபத்தாறாயிரம் எடுத்துக்கொண்டு போகிறாள். பேரனுக்கு இனி கொடியா, காப்பா, ஏதாவது ஒன்றுதான். கழிவாக எனக்கு ஆயிரத்து நானூற்றைம்பது. அதை ஏழாவது கவரில் போட்டேன்.

ஜூன் 12

கழிவுப் பணத்தில் செக்கு நல்லெண்ணெய் இரண்டு லிட்டர் வாங்கினேன். இவர் டப்பாவில் மிதக்க மிதக்க எண்ணெய் விட்டுப் புளியோதரை. இவருக்கு மன்னிப்பு.

ஜூன் 14, புதன்

லேபிலிருந்து வழக்கத்தைவிடச் சீக்கிரம், மூன்று மணிக்கே வீடு வந்தேன். இவர் இந்த நேரத்தில் வீட்டில் இருக்க மாட்டார். இருந்தார். மதினியும் இருந்தாள், சமையலறை நிலைப்படியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு மஞ்சப்பை.

என்னைப் பார்த்ததும் இரண்டு பேரும் எழுந்துவிட்டார்கள்.

"நாலு மணிக்குள்ள முடிச்சிரலாம்னு பாத்தோம். அந்த ஆளு இன்னும் வரல," என்றாள் மதினி, இவரைப் பார்த்து. பிறகு, "நீயே சொல்லிரு கதிரு. இனிமே மூடி என்ன ஆகப்போகுது," என்றாள்.

இவர் சொன்னார். டைல்ஸ் ஷோரூமை பிப்ரவரி கடைசியில் மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு பார்சல் கம்பெனி ஒன்றில் பைக்கில் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கிறார். அந்தக் கூலி பாதிச் சம்பளம்கூட வராது. மிச்சத்துக்கு வட்டிக்கு வாங்கி, சம்பளம் என்று என் கையில் கொடுத்திருக்கிறார். வட்டி கட்ட முடியாமல் ஏப்ரல், மே வாடகைக் கவர் இரண்டையும் அதற்கே கொடுத்திருக்கிறார். வட்டியும் முதலுமாக எண்பத்தைந்தாயிரம் நிற்கிறது. இன்று கொடுக்காவிட்டால் வட்டிக்காரன் பைக்கை எடுத்துக்கொண்டு போவான். பைக் போனால் இந்த வேலையும் போகும்.

"ஏங்க, என்கிட்ட ஒரு வார்த்த சொல்றதுக்கென்ன?"

"நீ கவர்ல பிரிச்சு வெக்கறப்ப ஒம் மூஞ்சியப் பாப்பேன் இந்து. அதுக்கு மேல வாய் வராது."

நான் மதினியிடம் திரும்பினேன். சீட்டு யாருக்கு என்று கேட்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனாலும் கேட்டேன்.

"பேரனுக்கு எடுக்கறேன்னு நெனச்சியா?" என்றாள். "நீ பதிமூணுன்னு சொன்னதுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நீ சீட்டுக்காகக் கேக்கல, எனக்காகக் கேக்கற."

"தெரிஞ்சும் ஏன் நிறுத்தல?"

"நிறுத்துனா அந்த வட்டிக்காரன் ஒன் வாசல்ல வந்து நின்னு கத்துவான். டீச்சர் வெளிய போய்ப் பேசுங்கன்னாங்க பாரு, அப்ப சொல்லிரலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. இவன் என்கிட்ட சத்தியம் வாங்கிருந்தான். நீயும் பேச ஒண்ணுமில்லன்னுட்ட."

மஞ்சப்பையில் அறுபத்தாறாயிரம். வழக்கமான தள்ளு என்றால் எண்பத்தெட்டு இருந்திருக்கும், கடன் அடைந்து மூவாயிரம் மிச்சமும் இருந்திருக்கும். இந்தக் கணக்குப் போட எனக்கு விரல்கூட மடக்க வேண்டியிருக்கவில்லை. குறைகிற பத்தொன்பதாயிரம் என் வாயிலிருந்து வந்தது.

"டீ போடவா மதினி?" என்றேன்.

"சர்க்கர கம்மியாப் போடு," என்றாள்.

ஜூன் 15

லேபில் மூன்று பேருக்கு பில் தப்பாகப் போட்டேன். டாக்டர் திட்டினார்.

ஜூன் 18, ஞாயிறு

ஆர்.டி. பணம் நேற்று வந்தது. அறுபத்தாறை வாங்கிக்கொண்டு சில நாள் அவகாசம் கொடுத்த வட்டிக்காரனுக்கு மீதி பத்தொன்பது, வீட்டுக்காரம்மாவுக்கு இரண்டு மாத வாடகை பதினெட்டு. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டதற்கும் தண்ணீர் மோட்டாருக்கும் சம்பந்தமில்லை. மிச்சம் முப்பத்தைந்து.

இவர் மேல் எனக்கு வருகிற கோபத்தை எழுத இந்த டைரியில் இடம் போதாது. மூன்று மாதம் வெயிலில் அலைந்துவிட்டு வந்து நான் வைத்த காய்ந்த புளியோதரையை ஒரு பருக்கை விடாமல் தின்றிருக்கிறார். நன்றாக இல்லை என்று ஒரு நாள் சொல்லியிருந்தால் அன்றைக்கே சண்டை போட்டு எல்லாம் வெளியே வந்திருக்கும். பசித்தது, தின்றேன் என்கிறார். பிறகு அழுகிறார். நானும் அழுதேன், ஆனால் தனியாக.

தர்ஷினிக்கு மே மாதமே தெரியுமாம். பைபாஸில் அப்பாவைப் பார்த்திருக்கிறாள், முதுகில் பெரிய பையோடு. "நீ மதினி மதினின்னே இருந்தம்மா. ஒங்கிட்ட எப்பிடிச் சொல்றது?" என்றாள்.

மதினியிடம் இன்னும் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் போவதில்லை. புளியோதரை பற்றி அவள் சொன்னது சொன்னதுதான். அவள் மட்டும் மன்னிப்புக் கேட்டாளா?

ஜூலை 3

கல்லூரியிலிருந்து போன். பதினாலாம் தேதிக்குள் எழுபதாயிரம் கட்டினால் சீட், இல்லாவிட்டால் அடுத்தவருக்கு. கையில் முப்பத்தைந்துதான் இருக்கிறது. என் நவம்பர்ச் சீட்டை இந்த மாதமே எடுக்க வேண்டும். வேறு வழியில்லை.

எடுக்காதவர்கள் என்னைச் சேர்த்து ஐந்து பேர். நான் கேட்க ஆரம்பித்தாலே அவசரம் என்று தெரிந்துவிடும். ஒருத்தியை எப்படி முப்பத்து நாலு வரைக்கும் தள்ளிக்கொண்டு போவது என்று போன மாதம் நானே எல்லோருக்கும் செய்துகாட்டியிருக்கிறேன். கலைவாணி விடமாட்டாள். நானாக இருந்தால் விடமாட்டேன்.

ஜூலை 9, ஞாயிறு

முதல் ஆளாகப் போய் உட்கார வேண்டும் என்று பத்தரைக்கே போனேன். மதினி எனக்கு முன்னால் வந்து டீச்சருக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சீட்டு எடுத்தவள் ஏலம் கேட்க முடியாது. வேடிக்கை பார்க்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

டீச்சர் ஆரம்பிப்பதற்குள் அவள் எழுந்து நின்றாள்.

"ஒரு நிமிசம் டீச்சர். எல்லாரும் கேட்டுக்கங்க. எந் தம்பிக்கு வேல போயிருச்சு. பார்சல் சொமந்துக்கிட்டு தெருத்தெருவா அலையிறான். கடன் வேற. தர்ஷினிக்கு வெள்ளிக்கிழமைக்குள்ள காலேஜ் பணம் கெட்டணும். அதனால இந்த மாசம் இந்துவத் தவிர யாரும் கேக்காதீங்க."

சத்தியம் வாங்கிக்கொண்டு மூடி வைத்ததை ஒரே மூச்சில் ஹால் நடுவில் கொட்டிவிட்டாள். அவ்வளவு பேரும் என்னைப் பார்த்தார்கள். சிரிக்கவில்லை. அந்தப் பார்வைக்கு அவர்கள் சிரித்துத் தொலைத்திருக்கலாம். என் காது இரண்டும் எரிந்தன. எனக்கு நல்லது செய்கிறாளா, என்னை நடுத்தெருவில் நிறுத்துகிறாளா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் இரண்டையும் சேர்த்தேதான் செய்திருப்பேன்.

"நான் இந்த மாசம் எடுக்கலாம்னு வந்தேன்," என்றாள் கலைவாணி. மதினியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சரி, எடுத்துக்கங்கக்கா," என்றாள்.

"அப்ப கமிஷன் ஐயாயிரம் மட்டும் கழியும். இந்து, சம்மதமா?" என்றார் டீச்சர்.

தலையாட்டினேன். வாயால் சொல்ல வேண்டுமாம், அதுதான் முறை.

"சம்மதம் டீச்சர்."

தள்ளு இல்லையென்றால் கழிவு இல்லை. கழிவை நம்பிக் குறைவாகக் கொண்டுவந்தவர்கள் பக்கத்தில் இருப்பவர்களிடம் ஐந்நூறு, ஆயிரம் கைமாற்று வாங்கி, ஒருத்தர் பின் ஒருத்தராக முழு ஐயாயிரத்தை டீச்சர் மேசையில் வைத்தார்கள். யாரும் முணுமுணுக்கவில்லை. மதினி கடைசியாக வைத்தாள். அவள் சீட்டுக்கு இனி மாதத் தவணை நாங்கள் கட்டுவதாகப் பேச்சு. இந்த மாதம் எங்களால் முடியவில்லை. அது அவள் காசு.

டீச்சர் தொண்ணூற்றைந்தாயிரத்தையும் என் கையில் கொடுத்தார். எல்லோரும் காத்திருந்தார்கள்.

"ரொம்ப நன்றி மதினி," என்றேன், ஹால் முழுக்கக் கேட்கும்படி.

"இருக்கட்டும்," என்றாள். செருப்பு மாட்டும்போது பின்னால் வந்து, "இவ்வளவு பணத்த வெச்சுக்கிட்டு மிச்சம் பிடிக்கறேன்னு நடந்து போகாத. ஆட்டோ பிடி," என்றாள்.

பிடித்தேன். நூறு ரூபாய் கேட்டான். பேரம் பேசாமல் ஏறி உட்கார்ந்தேன்.